'கெட்' வந்தால் வலப்பக்கம் பாருங்கள்: ஒரு சொல், பல பொருள், பிரித்தறியும் வழி

ஆங்கிலத்தில் அதிகப் பொருள் கொண்ட சொல் எது என்ற போட்டியில் 'கெட்' முதலிடத்தில் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் 430 பொருள்களோடு 'செட்' முன்னால் நின்றது. பிறகு 'ரன்' முந்திக்கொண்டது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் என்று 2011-இல் கணக்குச் சொன்னார்கள். ஆனால் அந்த 645-இல் பலவற்றை ஆயுளில் ஒருமுறைகூடக் கேட்காமல் இருந்துவிடலாம். 'கெட்' அப்படி விடாது. ஐந்து நிமிட ஆங்கிலப் பேச்சில் நான்கைந்து முறை வரும், ஒவ்வொரு முறையும் வேறு வேலை செய்யும்.

பலரும் செய்வது, பொருள்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வது. பெறு, வாங்கு, ஆகு, சேர், புரிந்துகொள் என்று நீளும் அந்தப் பட்டியல் பேச்சின் நடுவே கைகொடுக்காது. எதை எடுத்துப் பொருத்துவது என்று யோசிப்பதற்குள் பேச்சு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும். 'கெட்'டின் பொருளைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதற்கு வலப்பக்கம் நிற்கும் சொல். அங்கே நிற்பது பெயர்ச்சொல்லா, பெயரடையா, வினையின் மூன்றாம் வடிவமா, இடமா, 'டு'வா, 'அப்', 'ஓவர்' போன்ற குட்டிச் சொல்லா என்று மட்டும் பாருங்கள். பாதிக்கு மேல் வேலை முடிந்துவிடும்.

முதலில் வடிவங்கள்

நிகழ்காலம் 'கெட்', இறந்தகாலம் 'காட்'. மூன்றாம் வடிவம் பிரிட்டிஷ் வழக்கில் 'காட்', அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் 'காட்டன்'. இது அமெரிக்கர்கள் புதிதாக உண்டாக்கியதல்ல. இங்கிலாந்தில் முன்பு வழங்கி, பின்னால் அங்கே அருகிப்போன வடிவம். ('ஃபர்காட்டன்' மட்டும் இரண்டு பக்கமும் நிலைத்துவிட்டது.)

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 'ஐ ஹேவ் காட் எ கார்' என்றால் இரு வழக்கிலும் 'என்னிடம் கார் இருக்கிறது'. 'ஐ ஹேவ் காட்டன் எ கார்' என்று அமெரிக்கர் சொன்னால் 'கார் வாங்கிவிட்டேன்' அல்லது 'கார் கிடைத்துவிட்டது'. ஆகவே 'ஹேவ் காட்' என்று சேர்ந்து வந்தால் முதலில் 'இருக்கிறது' என்று வைத்துப் பாருங்கள். அது பொருந்தாவிட்டால்தான் மற்றவற்றுக்குப் போக வேண்டும். வேகமான பேச்சில் 'ஹேவ்' தேய்ந்து 'ஐவ் காட்' ஆகும், சிலர் வாயில் வெறும் 'ஐ காட்' ஆகும். அதனால் வரும் குழப்பம் ஒன்றைப் பின்னால் பார்ப்போம்.

அடுத்து பெயர்ச்சொல் வந்தால்

இந்த இடத்தில்தான் தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. ஆங்கிலத்தில் 'ஐ காட்' என்று ஒரே மாதிரி தொடங்கும் வாக்கியத்தைத் தமிழ் இரண்டாகப் பிரிக்கும்: 'எனக்கு வந்தது, கிடைத்தது' ஒருவகை, 'நான் வாங்கினேன், எடுத்தேன்' இன்னொரு வகை. முதல் வகையில் நீங்கள் சும்மா இருக்கிறீர்கள், பொருள் உங்களிடம் வருகிறது. இரண்டாவதில் நீங்கள் அதைத் தேடிப் போகிறீர்கள். எது என்பதைப் பெயர்ச்சொல்லே காட்டிக்கொடுக்கும்.

கடிதம், போன் அழைப்பு, சம்பளம், தண்டனை, அதிர்ச்சி, மதிப்பெண் போன்றவை தாமாக வருபவை. 'ஐ காட் எ லெட்டர்' என்றால் எனக்கு ஒரு கடிதம் வந்தது. 'ஐ காட் எ ஷாக்' என்றால் எனக்கு அதிர்ச்சியாகிவிட்டது. நோய்க்குத் தமிழில் 'பிடித்தது' அல்லது 'வந்தது': 'ஐ காட் எ கோல்ட்', எனக்குச் சளி பிடித்துவிட்டது. கடையில் கிடைக்கும் பொருள் என்றால் பெரும்பாலும் வாங்கியது: 'ஐ காட் எ ஷர்ட்', ஒரு சட்டை வாங்கினேன். 'ஃபார் மை பர்த்டே' என்று பின்னால் ஒட்டிக்கொண்டால் அதே வாக்கியம் 'பிறந்தநாளுக்கு ஒரு சட்டை கிடைத்தது' என்று திரும்பிவிடும். ஆகவே பெயர்ச்சொல்லோடு நிற்காமல் வாக்கியத்தின் கடைசி வரை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வந்தால் 'கொண்டு வந்து கொடு' அல்லது 'வாங்கிக் கொடு'. 'கெட் மீ எ சேர்', எனக்கு ஒரு நாற்காலி எடுத்து வா. பஸ், ரயில் வந்தால் 'பிடி' அல்லது 'அதில் போ': 'ஐ காட் தி லாஸ்ட் பஸ்', கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். அழைப்பு மணியோ போனோ ஒலிக்கும்போது ஒருவர் 'ஐ வில் கெட் இட்' என்று எழுந்தால், 'நான் போய்ப் பார்க்கிறேன்' என்பது அதன் பொருள். எதையும் பெறப்போவதில்லை.

ஜோக், பாயின்ட், ஐடியா, மீனிங் போன்ற பெயர்கள் வந்தால் 'புரிகிறது'. 'ஐ டோன்ட் கெட் தி ஜோக்', அந்த ஜோக் எனக்குப் புரியவில்லை. ஆனால் 'ஐ காட் ஆன் ஐடியா' என்றால் 'எனக்கு ஒரு யோசனை தோன்றியது'. 'தி' போய் 'ஆன்' வந்ததும் பொருள் மாறிவிட்டது. ஏற்கெனவே பேசப்பட்ட, இருவருக்கும் தெரிந்த யோசனை என்றால் அதைப் புரிந்துகொள்ளத்தான் முடியும். புதிதாக ஒன்று என்றால் அது தோன்ற வேண்டும்.

சிக்கலானது, பெயர்ச்சொல் இருக்கவேண்டிய இடத்தில் ஆள் நிற்பது. 'ஐ வில் கெட் யூ' என்று தனியே, குரலை உயர்த்திச் சொன்னால் அது மிரட்டல்: உன்னைச் சும்மா விடமாட்டேன். 'ஐ வில் கெட் யூ ஃப்ரம் தி ஸ்டேஷன்' என்றால் ஸ்டேஷனுக்கு வந்து உன்னை அழைத்துப்போகிறேன். 'ஐ கெட் யூ' என்றால் நீ சொல்வது எனக்குப் புரிகிறது. 'தி போலீஸ் காட் ஹிம்' என்றால் போலீஸ் அவனைப் பிடித்துவிட்டது. 'கெட் எ டாக்டர்' என்றால் டாக்டரைக் கூப்பிடு. இடம், காலம், தொனி மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த வகையை முடிவு செய்யக்கூடாது.

பெயரடை வந்தால் 'ஆகு'

'இட் இஸ் கெட்டிங் டார்க்', இருட்டிக்கொண்டு வருகிறது. 'தி டீ காட் கோல்ட்', டீ ஆறிப்போய்விட்டது. சற்றுமுன் 'எ கோல்ட்' சளியாக இருந்தது, இங்கே 'கோல்ட்' வெறும் குளிர்ச்சி. 'எ' என்ற ஒற்றை எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதில் சளியே வந்து போகிறது.

'பி'க்கும் ('ஆம்', 'இஸ்', 'ஆர்' என்று உருமாறி வரும் வினை) 'கெட்'டுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே பிடித்துக்கொள்ளுங்கள். 'ஐ ஆம் டயர்ட்' நிலை: களைப்பாக இருக்கிறேன். 'ஐ காட் டயர்ட்' மாற்றம்: களைத்துப்போனேன். தமிழில் 'இருக்கிறது' வரும் இடத்தில் 'பி'. 'ஆகிவிட்டது', 'போய்விட்டது', 'கொண்டு வருகிறது' வரும் இடத்தில் 'கெட்'.

தமிழர்கள் வழுக்கும் இடம் இதற்கு அடுத்த படி. 'ஆகு' என்றால் 'கெட்' என்று பழகியதும், 'அவர் டாக்டர் ஆனார்' என்பதற்கு 'ஹி காட் எ டாக்டர்' என்று எழுதிவிடுவார்கள். கேட்பவருக்கு அது 'அவர் ஒரு டாக்டரைக் கூட்டி வந்தார்' என்றே ஒலிக்கும். 'ஆகு' என்ற பொருளில் 'கெட்'டுக்கு நேர் அடுத்துப் பெயர்ச்சொல் வராது. அங்கே 'பிகேம்' போட வேண்டும்.

மூன்றாம் வடிவம் வந்தால்

'ஹி காட் ஃபயர்ட்', அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். 'மை பைக் காட் ஸ்டோலன்', என் பைக் திருட்டுப்போய்விட்டது. இது செயப்பாட்டு வினை. 'வாஸ் ஸ்டோலன்' என்றாலும் தவறில்லை. 'காட்' போட்டால் நடந்த சம்பவம் கண்முன் வரும், பாதிக்கப்பட்டவர் மேல் கவனம் விழும். அதனால் விபத்து, இழப்பு, எதிர்பாராத நல்லது ஆகியவற்றைப் பேச்சில் சொல்ல இது வாகாக அமைகிறது. அலுவலகக் கடிதத்திலும் அறிக்கையிலும் 'வாஸ்' போடுங்கள். 'தி பிரிட்ஜ் காட் பில்ட் இன் 1950' என்று வரலாற்றுக் குறிப்பில் எழுதினால் படிப்பவர் நெற்றி சுருங்கும். அறிதல், நம்புதல் போன்ற நிலையைச் சொல்லும் வினைகளோடும் இது பொதுவாக ஒட்டாது.

'கெட் மேரீட்' என்பதையும் இங்கே சேர்க்கலாம். யாரை என்று சொல்ல 'டு' வர வேண்டும்: 'ஷி காட் மேரீட் டு எ டீச்சர்'. 'மேரீட் வித்' என்பது 'உடன்' என்பதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கடத்துவதால் வரும் பிழை.

பெயர்ச்சொல்லும் மூன்றாம் வடிவமும் சேர்ந்து வந்தால்

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய வகை இது. தமிழில் 'முடி வெட்டிக்கொண்டேன்' என்கிறோம். வெட்டியவர் வேறொருவர் என்பது 'கொண்டேன்' என்பதற்குள் அடங்கிவிடுகிறது. இதை 'ஐ கட் மை ஹேர்' என்று சொன்னால், கத்தரிக்கோலை நீங்களே எடுத்து வெட்டிக்கொண்டதாக ஆங்கிலம் புரிந்துகொள்ளும். சரியானது 'ஐ காட் மை ஹேர் கட்'. வரிசையை மாற்றாதீர்கள்: 'காட்', பிறகு பொருள், பிறகு மூன்றாம் வடிவம். பல் பிடுங்கிக்கொள்வது, வண்டியைப் பழுதுபார்ப்பது, சட்டை தைத்துக்கொள்வது, கண் பரிசோதனை செய்துகொள்வது எல்லாவற்றுக்கும் இதே அச்சுதான்.

இதே அமைப்பு இன்னும் இரண்டு வேலை செய்யும். 'ஹி காட் ஹிஸ் நோஸ் புரோக்கன்' என்றால் மூக்கை உடைக்கச் சொல்லி யாருக்கும் காசு கொடுக்கவில்லை, மூக்கு உடைந்துபோயிற்று. 'ஐ காட் தி ரிப்போர்ட் ஃபினிஷ்ட்' என்றால் அறிக்கையை ஒருவழியாக நானே முடித்துவிட்டேன். மூன்றையும் பிரிக்க இரண்டு கேள்விகள் போதும். இது எழுவாய் விரும்பி நடந்ததா? விரும்பாதது என்றால் விபத்து. விரும்பியது என்றால், இதைப் பொதுவாக இன்னொருவரிடம் கொடுத்துச் செய்வார்களா, தானே செய்வார்களா? முன்னது 'செய்வித்தல்', பின்னது 'செய்து முடித்தல்'.

ஆளும் 'டு'வும் வினையும்

'ஐ காட் ஹிம் டு சைன்', அவரைச் சொல்லிச் சொல்லிக் கையெழுத்துப் போட வைத்தேன். தமிழின் 'வை' எல்லாவற்றுக்கும் பொது. ஆங்கிலம் பிரித்துச் சொல்கிறது: கட்டாயப்படுத்தினால் 'மேட் ஹிம் சைன்', பொறுப்பிலிருப்பவர் ஏற்பாடு செய்தால் 'ஹேட் ஹிம் சைன்', பேசியோ கெஞ்சியோ தந்திரமாகவோ சம்மதிக்க வைத்தால் 'காட் ஹிம் டு சைன்'. முதல் இரண்டில் 'டு' கிடையாது, 'கெட்'டில் கட்டாயம் வேண்டும். 'ஐ காட் ஹிம் சைன்' என்பது நாம் அடிக்கடி செய்யும் பிழை. 'மேட்'டின் அச்சில் 'காட்'டை வார்ப்பதால் வருவது.

அடங்காத இயந்திரத்துக்கும் இதே அமைப்பைப் பயன்படுத்துவார்கள். 'ஐ கான்ட் கெட் திஸ் பிரிண்டர் டு வொர்க்', இந்த பிரிண்டரோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டேன், ஓடமாட்டேன் என்கிறது. 'டு வொர்க்' இடத்தில் 'வொர்க்கிங்' போட்டாலும் பொருள் ஏறக்குறைய அதேதான்.

நேரடியாக 'டு' வந்தால்

'ஐ காட் டு மீட் ஹர்', அவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. 'ஐ ஹேவ் காட் டு மீட் ஹர்', அவரைச் சந்தித்தே ஆகவேண்டும். ஒன்று கொடுப்பினை, மற்றது கடமை. முன்பு சொன்ன குழப்பம் இதுதான்: பேச்சில் 'ஹேவ்' விழுங்கப்பட்டால் இரண்டும் 'ஐ காட் டு மீட் ஹர்' என்றே காதில் விழும், கடமைப் பொருள் 'காட்டா' என்றும் சுருங்கும். காலச் சொல்லைத் தேடுங்கள். 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் இயர்' இருந்தால் வாய்ப்பு. 'நவ்', 'டுமாரோ' இருந்தால் கடமை. கடமைக்குரிய 'ஹேவ் காட் டு' இறந்தகாலத்துக்குப் போகாது. 'போகவேண்டியிருந்தது' என்பதற்கு 'ஹேட் டு கோ' மட்டுமே.

'கெட் டு நோ' தனி வழக்கு. 'பழகிப் பழகித் தெரிந்துகொள்' என்பது அதன் பொருள்.

இடம் வந்தால்

'போய்ச் சேர்.' 'கோ' புறப்படுவதையும் போவதையும் சொல்லும், 'கெட்' சேர்வதைச் சொல்லும். 'ஐ காட் டு தி ஸ்டேஷன் அட் சிக்ஸ்', ஆறு மணிக்கு ஸ்டேஷன் போய்ச் சேர்ந்தேன். 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' மூன்றுக்கும் முன்னால் 'டு' போடக்கூடாது. 'கெட் டு ஹோம்' பிழை.

குட்டிச் சொற்கள் ஒட்டிக்கொண்டால்

வாகனங்களிலிருந்து தொடங்குங்கள், விதி தெளிவாக இருக்கும். பஸ், ரயில், விமானம், கப்பல் ஆகியவற்றில் ஏறினால் 'கெட் ஆன்', இறங்கினால் 'கெட் ஆஃப்'. கார், டாக்ஸி என்றால் 'கெட் இன்', 'கெட் அவுட் ஆஃப்'. உள்ளே எழுந்து நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் 'ஆன்', குனிந்து நுழைந்து உட்காரத்தான் முடியும் என்றால் 'இன்'. சைக்கிள், பைக், குதிரை மேல் ஏறி உட்காருவதால் அவற்றுக்கும் 'ஆன்'.

மற்றவற்றில் உடல் அசைவைச் சொல்லும் பொருளைப் பிடித்துக்கொண்டால் உருவகப் பொருள் தானாக வரும். 'கெட் ஓவர் தி வால்' சுவரைத் தாண்டுவது. 'கெட் ஓவர் ஆன் இல்னெஸ்' நோயிலிருந்து மீள்வது. 'கெட் த்ரூ' இடுக்கு வழியே அந்தப் பக்கம் போவது. போன் என்றால் லைன் கிடைப்பது, தேர்வு என்றால் தேறுவது, கஷ்டகாலம் என்றால் தாக்குப்பிடிப்பது. 'கெட் பை' ஓரமாக ஒதுங்கிக் கடந்து போவது. பணத்தோடு வந்தால் எப்படியோ சமாளித்து ஓட்டுவது. 'கெட் அவே' தப்பி ஓடுவது; 'கெட் அவே வித்' தப்பு செய்தும் தண்டனை படாமல் போவது.

சிலவற்றை அப்படி ஊகிக்க முடியாது, முழுத் தொடராகவே மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். 'கெட் ரிட் ஆஃப்' ஒழித்துக்கட்டு. 'கெட் அலாங் வித்' ஒத்துப்போ. 'கெட் பேக் டு யூ' என்று ஒருவர் சொன்னால் விசாரித்துவிட்டுப் பிறகு பதில் சொல்கிறேன் என்று பொருள். திரும்பி நேரில் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். 'வாட் ஆர் யூ கெட்டிங் அட்?' என்றால் 'நீங்கள் என்னதான் சொல்ல வருகிறீர்கள்?'

ஒரு பத்தியை உடைத்துப் பார்ப்போம்

'பை தி டைம் ஐ காட் டு தி ஆஃபீஸ், இட் வாஸ் கெட்டிங் லேட். ஐ காட் எ கால் ஃப்ரம் மை பிரதர். ஹி ஹேட் காட் லாஸ்ட் அண்ட் குடின்ட் கெட் ஹிஸ் ஃபோன் டு ஷோ தி மேப். ஐ டிடின்ட் கெட் ஹாஃப் ஆஃப் வாட் ஹி செட்.'

ஆறு 'கெட்'. முதலாவதன் வலப்பக்கம் 'டு', அதன் பின் இடம்: சேர்ந்தேன். இரண்டாவதில் 'லேட்' பெயரடை: நேரமாகிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் 'கால்' என்ற பெயர்ச்சொல், தானாக வருவது: எனக்குப் போன் வந்தது. நான்காவதில் 'லாஸ்ட்': வழி தவறிவிட்டான். இது மூன்றாம் வடிவமா பெயரடையா என்று இலக்கணக்காரர்கள் வாதாடலாம்; எப்படி வைத்தாலும் பொருள் மாறாது. ஐந்தாவதில் பொருள், 'டு', வினை: போனில் வரைபடத்தை வரவைக்க முடியவில்லை. ஆறாவது 'வாட் ஹி செட்', சொன்ன பேச்சு: பாதி எனக்குப் புரியவில்லை.

சேர்த்துச் சொன்னால்: நான் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் நேரமாகிக்கொண்டிருந்தது. தம்பியிடமிருந்து போன் வந்தது. வழி தவறிவிட்டானாம், போனில் மேப்பும் தெரியவில்லையாம். அவன் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. (பிரதர் அண்ணனா தம்பியா என்பதை எந்தக் 'கெட்'டும் சொல்லாது, முன்பின் கதை தெரிந்திருக்க வேண்டும்.) தமிழில் ஒரே வினை இரண்டு முறை வரவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் மொழிபெயர்ப்பில் 'பெற்றேன்', 'பெற்றான்' என்று திரும்பத் திரும்ப வந்தால், எங்கோ வலப்பக்கம் பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள்.

அகராதியும் எழுத்து நடையும்

கற்போருக்கான அகராதியில் பொருளைப் படிக்குமுன் அதற்குப் பக்கத்தில் உள்ள இலக்கணக் குறிப்பைப் படியுங்கள். பின்னால் பெயர்ச்சொல் வருமா, பெயரடை வருமா, 'டு' வருமா என்று அதில் இருக்கும். உங்கள் வாக்கியத்தோடு பொருந்தாத பிரிவுகளை அப்படியே தாண்டிவிடலாம். 'கெட் ஓவர்' போன்ற தொடர்களைப் பெரும்பாலும் பதிவின் கடைசியில் தனியாகத் தொகுத்திருப்பார்கள். முதல் பக்கத்திலேயே தேடிக் களைத்துப்போக வேண்டாம்.

முறையான எழுத்தில் 'கெட்'டைக் குறைத்து 'ரிசீவ்', 'அப்டெய்ன்', 'பிகம்', 'அரைவ்', 'அண்டர்ஸ்டாண்ட்' போடச் சொல்வார்கள். நல்ல ஆலோசனைதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'ஐ ரிசீவ்ட் எ கோல்ட்' என்று வந்து நிற்கும், சளியைப் பார்சலில் வாங்கியது போல. கடிதத்துக்கு 'ரிசீவ்ட்', அனுமதிக்கு 'அப்டெய்ன்ட்', ஊருக்கு 'அரைவ்ட்'. சளிக்கும் பஸ்ஸில் ஏறுவதற்கும் 'காட்' இருந்துவிட்டுப் போகட்டும்.